பார்சல் தொலைந்தால் பணம் யாருடையது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் சில மாதங்களிலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இதை வைத்து வீட்டிலிருந்தே ஏதாவது விற்க முடியுமா?" தாராளமாக முடியும். எங்கள் நீலகிரி மாவட்டத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். குன்னூர் தேயிலைத் தூள், ஊட்டி வர்க்கி, ஹோம்மேட் சாக்லெட், கோத்தகிரித் தேன், தோடர் பெண்கள் கையால் எம்ப்ராய்டரி போடும் சால்வை, நீலகிரித் தைலம் என்று மலையில் கிடைக்கும் பொருள்களுக்குச் சமவெளியில் எப்போதும் ஆள் உண்டு. முன்பெல்லாம் இவற்றை வாங்க சுற்றுலாப் பயணி மலையேறி வர வேண்டும். இப்போது பொருள் மலையிறங்கிப் போகிறது.

படம் எடுப்பது எப்படி, வெப்சைட்டில் பொருளை ஏற்றுவது எப்படி, விலை போடுவது எப்படி என்று சொல்லித் தர நிறையப் பேர் இருக்கிறார்கள். அனுப்பிய பார்சல் போய்ச் சேராவிட்டால் என்ன செய்வது என்று சொல்லித் தருபவர்கள் மிகக் குறைவு. வாங்கியவர் பணம் கட்டிவிட்டார், பொருள் வரவில்லை. விற்றவர் பொருளை அனுப்பிவிட்டார். ரசீது கையில் இருக்கிறது. இருவருமே நேர்மையானவர்கள். அப்படியானால் அந்தப் பணம் யாருடையது?

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியவர் விற்றவர்தான். அதன் பிறகு கூரியர் கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்டுப் போராட வேண்டியவரும் அவர்தான். கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் இந்த ஒரு முடிவை முதலிலேயே எடுத்துக் கொண்டவர்களால்தான் ஆன்லைன் வியாபாரத்தில் தாக்குப் பிடிக்க முடியும். ஏன் என்று பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். நம் நாட்டுச் சட்டம் மேலோட்டமாகப் பார்த்தால் விற்பவர் பக்கம்தான் நிற்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 39-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வாங்குபவருக்கு அனுப்பி வைப்பதற்காக விற்பவர் பொருளைப் போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டால், அது வாங்குபவரிடமே ஒப்படைத்தது போலத்தான் என்று முதல் பார்வைக்குக் கருதப்படும். "நான் புக் செய்துவிட்டேன், இனி என் பொறுப்பு இல்லை" என்று சொல்பவர்களுக்கு இந்தப் பிரிவு தெரியாமலே துணை நிற்கிறது.

ஆனால் அதே பிரிவின் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். பொருளின் தன்மைக்கு ஏற்றபடி போக்குவரத்து நிறுவனத்துடன் நியாயமான ஒப்பந்தம் செய்வது விற்பவரின் கடமை. அதைச் செய்யாமல் விட்டு, வழியில் பொருள் தொலைந்தால், "எனக்கு ஒப்படைத்ததாக ஏற்க மாட்டேன்" என்று வாங்குபவர் மறுக்கலாம். ஆறாயிரம் ரூபாய் சால்வையை மதிப்பே எழுதாமல், இருப்பதிலேயே மலிவான கட்டணத்தில் அனுப்பியவர் இந்த வரியில் மாட்டிக் கொள்வார்.

இந்தப் பிரிவுக்கு மூலம் இங்கிலாந்தின் 1893-ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரிக்கு ரயிலிலும் கப்பலிலும் மூட்டை மூட்டையாக அனுப்பிய காலத்தில் எழுதப்பட்டது. வீட்டில் உட்கார்ந்து மவுஸைக் கிளிக் செய்து அரைக் கிலோ டீத்தூள் வாங்குபவரை நினைத்து எழுதியது அல்ல. இங்கிலாந்திலேயே இந்த நிலை மாறிவிட்டது. அங்கே 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, பொருள் வாங்குபவரின் கைக்கு வந்து சேரும் வரை நஷ்டம் வியாபாரியுடையது. வியாபாரி சொல்லாத கூரியரை வாங்குபவர் தானாக ஏற்பாடு செய்திருந்தால் மட்டும் விலக்கு.

நம் நாட்டிலும் ஒரு பாதி மாற்றம் வந்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகள், பெரிய ஷாப்பிங் வெப்சைட்கள் வழியாக விற்பவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு விதிக்கின்றன. சொன்ன தேதிக்குப் பொருள் போய்ச் சேராவிட்டால் பணத்தைத் திருப்பித் தர மறுக்கக் கூடாது. இயற்கைச் சீற்றம் போன்ற, யார் கையிலும் இல்லாத காரணத்தால் தாமதம் என்றால் மட்டும் விலக்கு. ஆனால் நம்மில் பலர் விற்பது அந்த வெப்சைட்களில் அல்ல. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, யு.பி.ஐ.யில் பணம் வாங்கி, பக்கத்துக் கூரியர் ஆபீஸில் புக் செய்கிறோம். அங்கே 1930-க்கும் 2020-க்கும் நடுவில் ஒரு இடைவெளி கிடக்கிறது. சண்டைகள் எல்லாம் பிறப்பது அந்த இடைவெளியில்தான்.

ஒரு பழைய வழக்கு

சட்டப் பேச்சு போதும், உண்மையில் நடந்ததைச் சொல்லுங்கள் என்கிறீர்களா? 1990-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் தேதி, பாரதி நிட்டிங் கம்பெனி என்ற ஆடை ஏற்றுமதி நிறுவனம், ஜெர்மனியில் இருந்த வாடிக்கையாளருக்கு ஒரு கவரை டி.எச்.எல். கூரியரில் அனுப்பியது. கோடைக்கால ஆடைகளுக்கான பில், கப்பல் ரசீது போன்ற ஆவணங்கள் அதில் இருந்தன. கவர் போய்ச் சேரவில்லை. நகல்களை மீண்டும் அனுப்பி, சரக்கு அவர் கைக்குப் போவதற்குள் அங்கே கோடை சீசனே முடிந்துவிட்டது. 56,469 மார்க் தர வேண்டிய வாடிக்கையாளர், 35,000 மார்க் மட்டுமே தர ஒப்புக் கொண்டார்.

நிறுவனம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. மாநில ஆணையம் சுமார் 4 லட்சத்து 29 ஆயிரம் ரூபாயும் வட்டியும் தரச் சொன்னது. ஆனால் கூரியர் கம்பெனியின் ரசீதில், நஷ்டம் ஏற்பட்டால் 100 அமெரிக்க டாலர்தான் தருவோம் என்ற நிபந்தனை இருந்தது. அனுப்பியவர் அதில் கையெழுத்தும் போட்டிருந்தார். தேசிய ஆணையம் தொகையை 100 டாலராகக் குறைத்தது. 1996 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் கட்டுப்படுத்தும் என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

இந்த வழக்கில் மூன்று பேரையும் பாருங்கள். வாடிக்கையாளர் பணத்தைக் குறைத்துக் கொண்டார். கூரியர் நூறு டாலரோடு ஒதுங்கிக் கொண்டது. நடுவில் நின்றவர் விற்றவர். கவர் மாறி பார்சல் ஆகி, ஃபேக்ஸ் மாறி வாட்ஸ்அப் ஆகிவிட்டது. நிற்கும் இடம் மட்டும் மாறவில்லை.

கூரியர் எவ்வளவு தரும்?

உள்நாட்டில் சாலை வழியாகப் போகும் பார்சல்களுக்கு 2007-ஆம் ஆண்டின் சாலைச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் பொருந்தும். அது 2011-இல் நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்கு வீடு கொண்டு சேர்க்கும் கூரியர் ஏஜென்சிகளும் இதில் அடக்கம் என்று சட்டமே தெளிவாகச் சொல்கிறது. பார்சல் தொலைந்தால், கூரியரின் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. இது நமக்குச் சாதகமான விஷயம்.

பாதகமான விஷயம் தொகை. 2011 விதிகளின்படி கூரியரின் பொறுப்பு, நீங்கள் கட்டிய கட்டணத்தைப் போலப் பத்து மடங்குதான். அதுவும் நீங்கள் எழுதிக் கொடுத்த பொருளின் மதிப்பைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் வேண்டுமானால், கூடுதல் ரிஸ்க் கட்டணம் தருவதாக முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக் கொண்டிருக்க வேண்டும். இன்னொன்று, கோர்ட்டுக்குப் போவதாக இருந்தால் புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். போனில் பத்து தடவை பேசியது கணக்கில் வராது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 ரூபாய் சாக்லெட் பெட்டிக்கு 80 ரூபாய் கட்டணம் என்றால் பத்து மடங்கு 800. பெட்டியின் முழு விலையும் கிடைத்துவிடும். ஆறாயிரம் ரூபாய் சால்வைக்கு 100 ரூபாய் கட்டணம் என்றால் பத்து மடங்கு 1,000. மீதி 5,000 ரூபாய் உங்கள் தலையில். எடை குறைந்து விலை கூடிய பொருளுக்குத்தான் ஆபத்து அதிகம் என்பது இதிலிருந்து தெரியும்.

தபால் துறையின் கதை வேறு. 2007 சட்டம் அரசுக்குப் பொருந்தாது. பழைய 1898-ஆம் ஆண்டுத் தபால் சட்டம், பார்சல் தொலைந்தாலும் தாமதமானாலும் அரசுக்குப் பெரும்பாலும் பொறுப்பு இல்லை என்றது. அதற்குப் பதிலாக 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த 2023-ஆம் ஆண்டுச் சட்டமும், விதிகளில் குறிப்பிட்ட அளவுக்கு மட்டுமே பொறுப்பு என்கிறது. ஸ்பீட் போஸ்ட் தொலைந்தால் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது என்று 1999-இல் ஒரு விதி வந்தது. 60 ரூபாய் கட்டிய பார்சலுக்கு அப்படிக் கிடைப்பது 120 ரூபாய். எனவே விலை உயர்ந்த பொருளைத் தபாலில் அனுப்பும்போது, இன்ஷூர் செய்ய எவ்வளவு ஆகும் என்று கவுன்ட்டரில் கேட்டுச் செய்து விடுங்கள்.

ட்ராக்கிங் பக்கம் சாட்சி ஆகுமா?

நான் வேலை செய்வது சாப்ட்வேர் துறையில். அதனால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ட்ராக்கிங் நம்பரை டைப் செய்தால் பார்சல் எங்கே இருக்கிறது என்று தெரியும் என நாம் நம்புகிறோம். உண்மையில் அந்தப் பக்கம் காட்டுவது, பார்சலின் மேல் ஒட்டிய பார்கோடைக் கடைசியாக யார், எங்கே, எப்போது ஸ்கேன் செய்தார் என்பதை மட்டுமே. ஒவ்வொரு ஸ்கேனும் டேட்டாபேஸில் ஒரு வரி. இரண்டு வரிகளுக்கு நடுவில் பார்சல் எங்கே இருந்தது என்பது கம்ப்யூட்டருக்கும் தெரியாது. "வழியில் உள்ளது" என்று பத்து நாள் காட்டினால், பத்து நாளாக யாரும் அதை ஸ்கேன் செய்யவில்லை என்று அர்த்தம்.

"டெலிவரி ஆகிவிட்டது" என்ற வரியும் அப்படித்தான். பார்சல் கொண்டு போனவர் தன் கையில் இருக்கும் கருவியில் ஒரு பட்டனை அழுத்தியிருக்கிறார். யாரிடம் கொடுத்தார் என்பதற்கு அது மட்டும் போதாது. கையெழுத்து, அல்லது வாங்குபவரின் மொபைலுக்குப் போகும் ஓ.டி.பி. எண், இரண்டில் ஒன்று இருந்தால்தான் அந்த வரிக்குப் பலம். 2025-இல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்டுடன் இணைக்கப்பட்டபோது, ஓ.டி.பி. பெற்று டெலிவரி செய்யும் வசதியும் தபால் துறையில் வந்தது. விலை உயர்ந்த பொருள்களுக்கு இதைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு சின்னத் தகவல். ஸ்பீட் போஸ்ட் எண்ணில் முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், பின்னால் இரண்டு எழுத்து என மொத்தம் 13 இருக்கும். ஒன்பதாவது இலக்கம் மற்ற எட்டையும் வைத்துக் கணக்கிடப்படும் சோதனை எண். ஒரு இலக்கத்தைத் தவறாக டைப் செய்தால் கணக்கு ஒத்து வராது. எனவே "விவரம் இல்லை" என்று திரையில் வந்தால், பதறுவதற்கு முன் எண்ணை ரசீதோடு ஒருமுறை சரிபாருங்கள்.

பணம் எந்த வழியில் வந்தது?

சட்டம் எதைச் சொன்னாலும், சண்டை வந்த பிறகு பணம் யார் கையில் இருக்கும் என்பதை முடிவு செய்வது அது வந்த வழிதான்.

வாங்குபவர் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், பொருள் வரவில்லை என்று தன் வங்கியிடம் புகார் செய்து பணத்தைத் திரும்பப் பெறும் முறை உண்டு. டெலிவரிக்கான ஆதாரத்தை நீங்கள் காட்டாவிட்டால் உங்கள் கணக்கிலிருந்து அந்தத் தொகை போய்விடும். வெளிநாட்டுத் தமிழர்களுக்கு விற்பவர்கள் பயன்படுத்தும் பேபால் நிறுவனமும் இதே வழிதான். அதன் விதிகளின்படி, பணம் கட்டிய 180 நாட்களுக்குள் வாங்கியவர் புகார் செய்யலாம். 'அனுப்பினேன்' என்ற ரசீது அங்கே செல்லாது. 'போய்ச் சேர்ந்தது' என்ற ஆதாரம் வேண்டும். இந்தியாவுக்குள் நடக்கும் விற்பனைக்கு பேபால் சேவை 2021 ஏப்ரலோடு நின்றுவிட்டது.

யு.பி.ஐ.யில் ஒருவர் இன்னொருவருக்கு நேரடியாக அனுப்பிய பணம் அப்படி அல்ல. அது உங்கள் கணக்குக்கு வந்ததும் வந்ததுதான். நடுவில் யாரும் பிடித்து வைப்பதில்லை. விற்பவருக்கு இது வசதி. ஆனால் வாங்குபவர் உங்கள் வார்த்தையை மட்டுமே நம்பிப் பணம் அனுப்பியிருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது. அவருக்கு வேறு பிடிமானம் இல்லை.

இந்தச் சிக்கலுக்கு நம் தபால்காரர் எப்போதோ ஒரு வழி கண்டுபிடித்தார். அதுதான் வி.பி.பி. எனப்படும் மதிப்புப் பெறும் தபால். 1877-இல் இந்தியாவில் தொடங்கியது. பார்சலைக் கையில் கொடுக்கும்போதே பணத்தை வாங்கி, அதை விற்றவருக்கு அனுப்பி வைப்பார் தபால்காரர். இன்றைய கேஷ் ஆன் டெலிவரிக்கு அதுதான் தாத்தா. சீனாவில் அலிபே வேறு விதமாக வளர்ந்தது. வாங்கியவரின் பணத்தைத் தானே வைத்திருந்து, பொருள் வந்தது என்று அவர் சொன்ன பிறகு விற்றவருக்கு விடுவித்தது. நம் நாட்டில் ஈபே நடத்திய பைசாபே முறையிலும் பணம் நேரே விற்றவருக்குப் போகாமல் நடுவில் ஒருவர் வழியாகப் போனது. ஈபே இந்தியா 2018-இல் மூடப்பட்டது.

குன்னூர்க்காரர்களுக்கு இந்த நடுவர் முறை புதிதே அல்ல. இங்கே 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. 2003-இல் டீசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பு கம்ப்யூட்டர் வழி ஏலத்தையும் தொடங்கியது. ஏலத்தில் எடுத்தவர் குறித்த நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். அதுவரை தேயிலை கிடங்கில் இருக்கும். பணம் கட்டிய பிறகே டெலிவரி ஆர்டர் கிடைக்கும், லாரி கிளம்பும். எந்த நிமிடம் வரை சரக்கு யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. முன்பின் பார்க்காதவர்கள் லட்சக்கணக்கில் வியாபாரம் செய்ய முடிவது அதனால்தான். அந்தத் தெளிவு, அதே ஊரில் அரைக் கிலோ விற்கும் வீட்டு வியாபாரிக்கு இல்லை.

அத்தையின் பார்சல்

என் அத்தை ஒருவர் குன்னூரில் தேயிலைத் தூளும் சாக்லெட்டும் ஆன்லைனில் விற்கிறார். ஒருமுறை நாகர்கோவிலுக்கு அனுப்பிய 1,850 ரூபாய் பார்சல் கோயம்புத்தூர் வரை போய், அதற்கு மேல் ஸ்கேன் ஆகவே இல்லை. பதினைந்து நாள் ஆயிற்று. "அக்கா, பிள்ளை பிறந்தநாளுக்கு வாங்கினேன், அதுவும் முடிந்துவிட்டது" என்று வாங்கியவர் போன் செய்தார். வீட்டில் எல்லோரும், "நீ அனுப்பியதற்கு ரசீது இருக்கிறது, நீ எதற்குப் பணம் தர வேண்டும்?" என்றார்கள். அத்தை கேட்ட கேள்வி ஒன்றுதான். "ஏண்டா, அந்தக் கூரியர் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்றுகூட அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. அவள் யாரைப் போய்க் கேட்பாள்?"

அன்றே பணத்தைத் திருப்பி அனுப்பினார். பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து கூரியருக்கு ஒரு கடிதம் டைப் செய்தோம். முதலில் அவர்கள் கட்டணம் 95 ரூபாயை மட்டும் தருவதாகச் சொன்னார்கள். பத்து மடங்கு விதியைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிய பிறகு, ஏழாவது வாரம் 950 ரூபாய் வந்தது. மீதி 900 ரூபாய் நஷ்டம்தான். நாகர்கோவில்காரர் அதற்குப் பிறகு எதுவும் வாங்கவும் இல்லை. இதில் அதிசயம் ஏதும் நடக்கவில்லை. ஆனால் அத்தையின் கேள்விதான் எனக்கு இந்த விஷயத்தைப் புரிய வைத்தது.

கூரியரைத் தேர்ந்தெடுத்தது விற்றவர். ரசீது அவரிடம். ஒப்பந்தம் அவரோடு. மதிப்பு எழுதுவதா வேண்டாமா, இன்ஷூர் செய்வதா வேண்டாமா என்று முடிவு செய்தவரும் அவர். வாங்கியவருக்கு இதில் எதிலும் கை இல்லை. எந்த முடிவும் எடுக்க முடியாதவர் தலையில் நஷ்டத்தைக் கட்டுவது நியாயமாக எனக்குப் படவில்லை. தவிர, விற்பவர் நூறு பார்சல் அனுப்புகிறார். நூறில் ஒன்று தொலைந்தால், அந்த நஷ்டத்தை மற்ற தொண்ணூற்று ஒன்பதின் விலையில் சில ரூபாயாகப் பிரித்துக் கொள்ள முடியும். வாங்குபவருக்கு இருப்பது அந்த ஒரு பார்சல்தான்.

ஏமாற்றினால் என்ன செய்வது?

நியாயமான கேள்வி. பொருளை வாங்கிக் கொண்டு வரவில்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் ஓ.டி.பி. அல்லது கையெழுத்தை வற்புறுத்துகிறேன். அந்த ஆதாரம் இருந்தால் நீங்கள் பணம் தர வேண்டியதில்லை. வாங்கியவர் தவறான முகவரி கொடுத்திருந்தாலும், அவரே ஒரு கூரியரை ஏற்பாடு செய்து "இதில்தான் அனுப்ப வேண்டும்" என்று சொல்லியிருந்தாலும் பொறுப்பு அவருடையதே.

தாமதத்தையும் தொலைந்ததையும் குழப்பிக் கொள்ள வேண்டாம். எங்கள் மலையில் இது முக்கியம். 2009 நவம்பரில் பெய்த மழையில் நிலச்சரிவுகள் ஏற்பட்டு 40-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள், மலைப்பாதைகள் துண்டிக்கப்பட்டன. அப்படிப்பட்ட நாட்களில் பார்சல் எங்கும் தொலைவதில்லை, மலையிலேயே நிற்கிறது. அதை வாங்கியவருக்கு நீங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும். அவர் கேட்ட பிறகு சொன்னால் சாக்கு. கேட்பதற்கு முன் சொன்னால் தகவல்.

அனுப்பும் முன் செய்ய வேண்டியவை

1. உங்கள் விற்பனைப் பக்கத்தில் இரண்டே வரி எழுதி வையுங்கள். "புக் செய்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் பார்சல் வராவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும். மழை, நிலச்சரிவால் பாதை அடைபட்டால் முன்கூட்டியே தெரிவிக்கப்படும்." நாட்களை உங்கள் வசதிக்கேற்ப மாற்றிக் கொள்ளலாம்.

2. ஒவ்வொரு ஆர்டருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு போல்டர் உருவாக்குங்கள். பொருளின் படம், பேக் செய்த பிறகு தராசில் வைத்து எடுத்த படம், முகவரி ஒட்டிய படம், ரசீதின் படம் எல்லாம் அதில் இருக்கட்டும். போல்டரின் பெயரில் தேதியை முதலில் எழுதினால் வரிசையாக நிற்கும்.

3. ட்ராக்கிங் பக்கத்தை பி.டி.எப். பைலாகச் சேமியுங்கள். பிரிண்ட் கட்டளை கொடுத்து, பிரிண்டருக்குப் பதிலாக பி.டி.எப். என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். சில மாதம் கழித்துத் தேடினால் அந்த விவரம் வெப்சைட்டில் இல்லாமல் போகலாம்.

4. ரசீதில் உண்மையான மதிப்பை எழுதுங்கள். கையெழுத்துப் போடும் முன் பின்பக்கத்தைப் படியுங்கள். கட்டணத்தைப் போலப் பத்து மடங்கை விடப் பொருளின் விலை அதிகம் என்றால் இன்ஷூர் செய்யுங்கள்.

5. அனுப்பக் கூடாத பொருளா என்று கேளுங்கள். நீலகிரித் தைலம் எளிதில் தீப்பிடிக்கும் திரவம். விமானத்தில் போகும் பார்சலில் வைத்தால் வழியிலேயே நிறுத்தப்படலாம். சொல்லாமல் வைத்து அனுப்பினால் நஷ்டஈடும் கேட்க முடியாது.

6. 15 நாள் தாண்டியதும் கூரியருக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்பவரும் சட்டப்படி நுகர்வோராக முடியும். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே புகாரைப் பதிவு செய்யலாம்.

மாற வேண்டியது எது?

விற்பவர் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு நான் நிறுத்திக் கொண்டால் அது அநியாயம். பார்சலைத் தொலைத்தவர் பத்து மடங்குக் கட்டணத்தோடு தப்பித்துக் கொள்ள, தொலைக்காதவர் முழு விலையையும் சுமப்பது சரியல்ல. எடையை வைத்துக் கட்டணம் வாங்கி, அந்தக் கட்டணத்தை வைத்தே நஷ்டஈட்டையும் கணக்கிடும் முறை லாரியில் மூட்டை ஏற்றிய காலத்துக்குப் பொருந்தும். கால் கிலோ எடையில் ஆறாயிரம் ரூபாய் சால்வை போகும் காலத்துக்குப் பொருந்தாது.

இரண்டு மாற்றங்கள் போதும். முதலாவது, எழுதிக் கொடுத்த மதிப்பில் ஒரு குறிப்பிட்ட தொகை வரை, கூடுதல் கட்டணம் இல்லாமலே கூரியர் முழுமையாகப் பொறுப்பேற்க வேண்டும். இரண்டாவது, பொருள் வாங்குபவர் கைக்குப் போகும் வரை அது விற்பவர் பொறுப்பு என்று, வாட்ஸ்அப் வியாபாரம் உட்பட எல்லாவற்றுக்கும் பொருந்துமாறு சட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றொன்று வந்தால் சிறு வியாபாரி நசுங்கிப் போவார். இரண்டும் சேர்ந்து வந்தால் மூவருக்கும் தங்கள் இடம் எது என்று தெரிந்துவிடும்.

சட்டம் மாறும்போது மாறட்டும். உங்கள் அடுத்த பார்சல் அதுவரை காத்திருக்காது. இன்று இரவே அந்த இரண்டு வரியை உங்கள் பக்கத்தில் டைப் செய்து விடுங்கள். பொருளின் விலையில் தொலைவதற்கென்று ஐந்தோ பத்தோ ரூபாய் சேர்த்துக் கொள்ளுங்கள். பார்சல் தொலையும் நாளில் நீங்கள் யோசிக்க வேண்டிய விஷயம் ஏதும் மிச்சம் இருக்காது.